மார்கழி விடுமுறையில் திருநெல்வேலிச் சீமை: பலகாரமும் வழக்கமும் கதையும்

கணவர் வீடு நாசரேத், தாய்வீடு கல்லிடைக்குறிச்சி, பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் வளர்பவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் நடுவில் ஊருக்கு வந்து பொங்கல் முடிந்து திரும்பும் அந்த நாட்களில் எந்தப் பலகாரத்தைச் செய்வது, எந்த வழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, என்னென்ன கதைகளைச் சொல்வது என்பதே உங்கள் கேள்வி. பலகாரம் எல்லாம் கடையிலேயே கிடைக்கும்போது வீட்டில் செய்யத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

செய்ய வேண்டும். எல்லாவற்றையும் அல்ல, இரண்டோ மூன்றோ போதும். நம் சீமையில் இந்தக் காலத்துப் பலகாரங்கள் எல்லாமே பல கைகள் சேர்ந்தால் மட்டுமே முடியும்படி அமைந்தவை. ஒருவர் வறுக்க, ஒருவர் இடிக்க, ஒருவர் உருட்ட, ஒருவர் எண்ணெய்ச் சட்டி அருகே நிற்க வேண்டும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் கைகளுக்கு வேலை இருக்கும், வாய்க்கு இருக்காது. கதைகள் பிறந்ததும் வழிவழியாக வந்ததும் அந்த நேரத்தில்தான். பலகாரத்தைக் கடையில் வாங்கிவிட்டு, கதையைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னால் இரண்டும் பாதியாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பலகாரத்தோடும் அதற்குரிய கதையைச் சேர்த்தே கீழே சொல்கிறேன்.

முதலில் பருவத்தைப் பற்றி ஒரு சொல். படக்கதைகளில் பார்த்த பனியை எதிர்பார்த்துப் பிள்ளைகள் வந்தால் ஏமாறக் கூடாது. வடகிழக்குப் பருவமழையின் கடைசி மழை டிசம்பரில் இன்னும் மிச்சம் இருக்கும். தாமிரபரணி நிரம்பி ஓடும். பிசானம் என்னும் இந்தப் பருவத்து நெல் வயலில் பச்சையாக நிற்கும். விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது மட்டும் குளிர் தெரியும். தஞ்சைப் பக்கத்தில் தை பிறக்கும்போது சம்பா அறுவடை கைக்கு வந்திருக்கும். இங்கே பிசானம் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் அறுவடைக்கு வரும். அதனால் நம் பொங்கலில் புது நெல்லைவிடப் புதுக் கிழங்குகளுக்கே மதிப்பு அதிகம். இதைத் தெரிந்துகொண்டால் நம் பொங்கல் பந்தி ஏன் அப்படி இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

நீங்கள் வந்து இறங்கிய மறுநாளே தொடங்க வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. தள்ளிப் போட்டால் பிறகு அதைச் செய்ய முடியாது. மார்கழி முழுவதும் விடியற்காலையில் கோலம் போட்டு, நடுவில் சாணத்தை உருண்டையாகப் பிடித்து வைத்து, அதில் பூசணிப் பூவைச் செருகும் வழக்கத்தைக் கல்லிடைக்குறிச்சியில் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சாண உருண்டைகளை மாலையில் எடுத்துச் சிறு வறட்டிகளாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்துவைக்க வேண்டும் என்பதுதான் இன்று பலர் விட்டுவிட்ட பகுதி. வாசலில் சின்னக் களிமண் வீடு கட்டிப் பிள்ளைகள் பொங்கலிடும் தை மாதத்துச் சிறுவீட்டுப் பொங்கலுக்கு அவை வேண்டும். தாய்வீட்டில் யாரையாவது மார்கழி முதல் தேதியிலிருந்தே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வந்ததும் அந்த வேலையை அவர்கள் கையில் கொடுங்கள். சிறுவீடு வழக்கமாகப் பெண்பிள்ளைகளுடையது. மகன் இருந்தாலும் அவனையும் சேர்த்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் கருத்து.

நாசரேத் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். கேக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் நல்ல பேக்கரிகள் இருக்கின்றன, வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு மூன்றை மட்டும் வைத்துச் செய்யப்படும் தூத்துக்குடி மக்ரூனும் அப்படியே, அது அடுப்பறை வேலை அல்ல, பேக்கரி வேலை. பகல் விருந்துக்குப் பிரியாணியா, ஆட்டுக்கறிக் குழம்பா என்பதை வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். நீங்கள் கை வைக்க வேண்டியவை அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும்.

அச்சு முறுக்குக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்த மாவு வேண்டும். அதில் சர்க்கரை, முட்டை, முதல் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எள் சேர்த்துத் தோசை மாவைவிடச் சற்றே இளக்கமாகக் கரைக்க வேண்டும். சூட்சுமம் எல்லாம் அச்சில்தான் இருக்கிறது. அச்சைக் காய்ந்த எண்ணெய்க்குள் வைத்துச் சூடேற்றி, எடுத்து ஒரு நொடி வடியவிட்டு, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். விளிம்புக்கு மேலே மாவு ஏறிவிட்டால் முறுக்கு அச்சை மூடிப் பிடித்துக்கொள்ளும், கழலாது. அச்சில் சூடு குறைந்தால் மாவு ஒட்டாமல் வழிந்துவிடும். சூடு மிஞ்சினால் மாவுப் பாத்திரத்திலேயே சுருண்டு உதிர்ந்துவிடும். சரியான சூட்டில் முக்கினால் ஒரு மெல்லிய ‘சுர்’ என்ற சத்தம் கேட்கும். மாவோடு எண்ணெய்க்குள் இறக்கி, சில நொடிகளுக்குப் பிறகு அச்சை லேசாக அசைத்தால் பூ தானாகவே கழன்று மிதக்கும். முதல் நான்கைந்து எப்போதும் உடையும், அவை பிள்ளைகளுக்கு. புது அச்சாக இருந்தால் இரண்டு மூன்று நாள் வடித்த கஞ்சியில் ஊறவைத்து, கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

முந்திரிக்கொத்து தெற்கே வள்ளியூர், ராதாபுரம் தாண்டி நாஞ்சில் நாடு வரைக்கும் பண்டிகை வீடுகளில் செய்யப்படுவது. பாசிப்பயறை வாசம் வரும் வரை வறுத்துக் கொரகொரப்பாக உடைத்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டிப் பாகாக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால் உருள வேண்டும், அதுவே பதம். பாகை மாவில் ஊற்றிக் கிளறியதும் சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும், ஆறிவிட்டால் உதிரும். இங்கேதான் பல கைகள் வேண்டும். ஒருவராகச் செய்தால் பாதி மாவு வீணாகும். உருண்டைகளை ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் மஞ்சள்தூள் சிட்டிகை போட்ட அரிசி மாவுக் கரைசலில் மும்மூன்றாக முக்கித் தேங்காய் எண்ணெயில் பொரித்தெடுத்தால் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். கருப்பட்டி மட்டும் தெரிந்தவர் வீட்டில் காய்ச்சியதாக இருக்கட்டும். சர்க்கரை கலந்த கருப்பட்டியில் இந்தப் பலகாரம் சரியாக வராது, வாசமும் இராது.

உருட்டும் அந்த மாலையில் கிறிஸ்து பிறப்பின் கதையைச் சொல்லுங்கள். லூக்கா சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தையும் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தையும் தாத்தாவோ ஆச்சியோ சத்தமாக வாசிக்கட்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பிள்ளைகள் பல விஷயங்களைத் தாமே கண்டுபிடிப்பார்கள்: மேய்ப்பர்கள் லூக்காவில் வருகிறார்கள், சாஸ்திரிகள் எனப்படும் கிழக்கத்து ஞானிகள் மத்தேயுவில் வருகிறார்கள், சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எங்கும் சொல்லவில்லை, காணிக்கைகள்தான் மூன்று, தொழுவத்து மாடும் கழுதையும் அந்த அதிகாரங்களில் இல்லவே இல்லை. குடில் கட்டும் வழக்கம் 1223-ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த தொழுவக் காட்சியிலிருந்து பரவியது என்பதை, வீட்டுக் குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போது சொல்லலாம். பத்து நாளுக்கு முன்பே ஒரு தட்டில் கேழ்வரகை விதைத்துவைத்தால் குடிலுக்கு வேண்டிய புல்தரை அதற்குள் வளர்ந்துவிடும்.

உள்ளூர்க் கதைகளையும் விட்டுவிடாதீர்கள். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், குற்றால மலையைப் பாடிய குறவஞ்சி என்னும் நாடக வடிவத்தையே எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். மலைக்குறத்தி கூடையோடு வந்து குறி சொல்லும் அந்த அமைப்பைப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டினால் மிகவும் ரசிப்பார்கள். அதேபோல், இங்கிலாந்தில் ஜான் பனியன் எழுதி 1678-இல் வெளிவந்த யாத்திரிகன் கதையை, திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827-இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற பெருங்காப்பியமாக்கினார். அது 1894-இல் நூலாக வந்தது. அவர் தமிழாசிரியராக இருந்த சாயர்புரம் நாசரேத்துக்கு அதிகத் தூரமில்லை. காப்பியத்தை முழுவதும் வாசிக்க வேண்டியதில்லை. முதுகில் சுமையோடு புறப்பட்டவன் சேற்றில் விழுந்து, மலை ஏறி, சந்தையைக் கடந்து, நகரத்தை அடையும் கதையை ஒரு நாளைக்கு ஒரு கட்டமாகச் சொன்னால் கிறிஸ்துமஸ் வாரம் முழுவதற்கும் காணும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை ஒன்றும் இருக்கட்டும். சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை லண்டனில் 1843 டிசம்பர் 19-ஆம் தேதி வெளிவந்தது. அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுப்போயின. அந்த ஆண்டில் மிஷனரியும் தமிழறிஞருமான கால்டுவெல் நம் சீமையின் இடையன்குடிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. காசைப் பூட்டிவைத்து வாழ்ந்த கிழவன் ஸ்க்ரூஜ், ஒரே இரவில் தன் பழைய நாட்களையும் இன்றைய நாளையும் வரப்போவதையும் கண்டு, காலையில் எழுந்ததும் தன்னிடம் வேலை பார்க்கும் ஏழைக் குமாஸ்தாவின் வீட்டுக்குப் பெரிய வான்கோழியை அனுப்புகிறான். இந்தக் கதையைச் சொல்ல ஏற்ற நேரம், அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கட்டும் நேரம். தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து தட்டு வந்திருக்கும். இப்போது நம் வீட்டிலிருந்து போக வேண்டும். தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை என்பதால் சர்க்கரையோ, நாலு வாழைப்பழமோ வைத்துத்தான் அந்தத் தட்டுத் திரும்பி வரும். பிள்ளைகளையே தட்டோடு அனுப்புங்கள். எந்த வீட்டுக்கு, எந்த உறவு சொல்லி, என்ன பேசிக் கொடுப்பது என்பதை ஆச்சி சொல்லிக்கொடுத்து அனுப்பட்டும். இதைவிட நல்ல தமிழ்ப் பாடம் வேறு கிடையாது.

கேரல் ரவுண்ட்ஸ் வரும் இரவில் பிள்ளைகளைத் தூங்கவிட வேண்டாம். நடுநிசி தாண்டி, வாலிபர்கள் தப்பும் ஆர்மோனியமுமாக வாசலில் வந்து பாடும்போது, வீட்டு விளக்கைப் போட்டு, அனைவரும் வெளியே வந்து நின்று கேட்டு, டீயும் பலகாரமும் கொடுத்து அனுப்புவதுதான் முறை. கிறிஸ்துமஸ் ஆராதனை நம் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) கோயில்களில் விடியுமுன்பே தொடங்கிவிடும். கத்தோலிக்கக் கோயில்களில் நள்ளிரவுப் பூசை. புதுத்துணி உடுத்தி, இருட்டில் நடந்து, கோயில் மணி கேட்டபடி போகும் அந்த நடை முக்கியம். தூரம் அதிகமில்லை என்றால் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து நான் மிகவும் விரும்பிச் சொல்வது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதையில் நாசரேத்துக்கு முந்தைய நிலையம் ஆழ்வார்திருநகரி. மார்கழியில் அங்கே அத்யயன உற்சவம் நடக்கும். பகல் பத்து, இராப் பத்து என்று இருபது நாளும் பாசுரங்கள் ஒலிக்கும். அரையர் சேவை இன்றும் உயிரோடு இருக்கும் மிகச் சில தலங்களில் அது ஒன்று. கூம்பு வடிவக் குல்லாயும் மாலையும் அணிந்த அரையர் கையில் தாளத்தோடு பாடி, அபிநயித்து, பொருள் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அங்கேயுள்ள புளியமரத்தடியில் சொல்ல ஒரு கதை உண்டு. ஆழ்வார்திருநகரியின் பழைய பெயர் குருகூர். அங்கே பிறந்த குழந்தை அழவும் இல்லை, பேசவும் இல்லை. பதினாறு ஆண்டுகள் அந்தப் புளியடியில் மௌனமாக இருந்தது. வடக்கே அயோத்தியில் இருந்த மதுரகவி தெற்கு வானத்தில் ஓர் ஒளியைக் கண்டார். அதைப் பின்பற்றி நடந்து நடந்து குருகூருக்கு வந்தார். அங்கே ஒளி மறைந்தது. புளியடியில் இருந்த பிள்ளையைக் கண்டு, ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு விடுகதை போட்டார். அதற்கு விடை சொல்லத்தான் நம்மாழ்வார் முதன்முதலாக வாய் திறந்தார்.

மத்தேயுவின் அதிகாரத்தை முந்தைய வாரம் கேட்ட பிள்ளைகள் இதைக் கேட்டதும் உங்களைப் பார்ப்பார்கள். அங்கே கிழக்கிலிருந்து சாஸ்திரிகள். இங்கே வடக்கிலிருந்து மதுரகவி. இரண்டு கதையிலும் படித்த பெரியவர்கள் வானத்து ஒளியைப் பின்தொடர்ந்து நெடுந்தூரம் வந்து, ஒரு பிள்ளையின் முன்னால் வணங்கி நிற்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனி நம்பிக்கை, தனித்தனி வழி. ஆனால் அப்பா ஊரின் கதையும், அடுத்த நிலையத்து ஊரின் கதையும், அம்மா ஊரின் கதையும் தங்களுக்கே உரியவை என்ற எண்ணம் அவர்களுக்குள் தானாக உண்டாகும். இரு குடும்பப் பெரியவர்களும் சேர்ந்து ஒரு பகல் அந்த ரயிலில் ஏறிப் போய்வரலாம்.

திருவாதிரை டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ வரும். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாளைக் கல்லிடைக்குறிச்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். நடராசருக்குரிய ஐந்து சபைகளில் இரண்டு நம் சீமையில் இருக்கின்றன: நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபை, குற்றாலத்தின் சித்திர சபை. ஆருத்ரா தரிசனம் விடிவதற்கு முன்பு நடப்பது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் களியும் தாளகமும் காத்திருக்க வேண்டும்.

களிக்குப் பச்சரிசியைப் பொன்னிறமாக வறுத்து ரவையாக உடைத்துக்கொள்ள வேண்டும். கூடவே கொஞ்சம் பாசிப்பருப்பும் வறுத்து. வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, அந்தத் தண்ணீர் கொதிக்கும்போது ரவையைத் தூவிக் கிளற வேண்டும். ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். மூடிவைத்துச் சிறு தீயில் வேகவிட்டு, தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலமும் சேர்த்தால் பொலபொலவென்று வரும். குழைந்தால் அது களி அல்ல, சர்க்கரைப் பொங்கல். தாளகம் அதற்கு இணை: பூசணி, வாழைக்காய், அவரை, மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு என்று ஒற்றைப்படையில் காய்களைப் போட்டு, புளித் தண்ணீரில் வேகவைத்து, எள், துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், பச்சரிசி, தேங்காய் இவற்றை வறுத்தரைத்து விடுவது. இனிப்புக் களியோடு இந்த எள் வாசக் குழம்பு சேரும் சேர்க்கையைப் பிள்ளைகள் முதலில் ஏற்காமல் போகலாம். வற்புறுத்தாமல் அடுத்த நாளும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பழைய தாளகம் புதியதைவிட ருசி.

களி கிளறும்போது சொல்ல வேண்டிய கதை சேந்தனாருடையது. விறகு விற்றுப் பிழைத்த அடியவர். தினமும் ஓர் அடியாருக்குச் சோறிட்டபின்தான் உண்பார். ஒரு நாள் விடாத மழை. விறகு நனைந்து விற்கவில்லை, வீட்டில் அரிசியும் இல்லை; இருந்த மாவைக் களியாகக் கிளறிவிட்டு வாசலைப் பார்த்து நின்றார். கிழவர் ஒருவர் நனைந்தபடி வந்து களியை உண்டு, மிச்சத்தையும் வேட்டி முடிச்சில் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் தில்லைக் கோயிலைத் திறந்தபோது சந்நிதி எங்கும் களி சிந்திக் கிடந்தது. பிறகு தேர் நிலை பெயராமல் நின்றபோது, சேந்தனார் பல்லாண்டு பாடவே அது நகர்ந்தது என்று கதை முடியும்.

இந்தக் கதையோடு நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், மார்கழி பிறந்த கையோடு, தெற்கு மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தடியில் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள் அதில் சிக்கிக்கொண்டார்கள். தங்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையிலேயே, பக்கத்துப் புதுக்குடி மக்கள் இருந்த அரிசியைப் பொங்கி அந்தப் பயணிகளுக்குச் சோறிட்டார்கள். உங்கள் பிள்ளைகள் நாசரேத்துக்குப் போகும் பாதையில்தான் அந்த நிலையம் வருகிறது; சன்னல் வழியாகக் காட்டலாம்.

கல்லிடைக்குறிச்சியிலேயே இன்னொரு கதை இருக்கிறது. குலசேகரமுடையார் கோயிலின் நடராசர் திருமேனி 1982-இல் களவு போயிற்று. கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருந்தது கண்டறியப்பட்டு, 2019 செப்டம்பரில் ஊருக்கே திரும்பி வந்தது. முப்பத்தேழு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர் என்று சொன்னால், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் அவரை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

பொங்கல் உங்கள் பயணத்தின் கடைசிப் பகுதி. வாசலில், காவியும் சுண்ணாம்பும் பூசிய பொங்கல் கட்டிகளை வைத்து, காய்ந்த பனையோலையால் அடுப்பெரித்துப் பொங்கலிடுவது நம் வழக்கம். ஓலைத் தீ சட்டென்று எழுந்து சட்டென்று அணையும். ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓலையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குத்துவிளக்கின் முன்பு வாழையிலையில் கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பிடிகிழங்கு எல்லாம் பரப்பியிருக்கும். சிறுகிழங்கைத் தோல் உரிப்பதுதான் வீட்டுப் பெண்களைப் பிழிந்தெடுக்கும் வேலை. கை கறுத்துப் போகும், நேரமும் போகும். கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, கல்தரையில் மாறி மாறி அடித்துத் தேய்த்தால் தோலின் பெரும்பகுதி போய்விடும். அந்தச் சாக்கை ஆண்களிடமும் பையன்களிடமும் ஒப்படையுங்கள். பண்டிகையின் பாரம் முழுவதும் பெண்கள் தலையில் விழுந்து, அவர்கள் பந்திக்கு வரும்போது சோறு ஆறிப்போயிருப்பது பழக்கம் என்ற பெயரில் இனியும் நடக்க வேண்டியதில்லை.

பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, இரண்டாக வகிர்ந்து, நாரை உரித்துவிட்டு, மிளகு தூவித் தின்ன வேண்டும். முடிந்தால் தேரி எனப்படும் செம்மணல் மேட்டுப் பக்கம் கிழங்கு தோண்டும் இடத்துக்கே அழைத்துப் போங்கள். பனங்கொட்டைகளைப் பாத்தி கட்டிப் புதைத்துவைத்து, சில மாதம் கழித்துத் தோண்டி எடுப்பதை அங்கே பார்க்கலாம். முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே இருக்கும் தவுன் பிள்ளைகளின் பங்கு. கார்த்திகைக்குச் செய்யும் ஓலைக் கொழுக்கட்டையை நீங்கள் தவறவிட்டிருப்பீர்கள். ஆனால் குருத்தோலை எப்போதும் கிடைக்கும், அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் சுக்கும் பிசைந்து ஓலைக்குள் அடைத்துக் கட்டி அவித்துக் கொடுக்கலாம். வெந்த ஓலையின் வாசம் மாவில் இறங்கியிருக்கும்.

மகளுக்குப் பொங்கல் சீர் கொடுக்கும் பொங்கல்படி சம்பிரதாயம் தாய்வீட்டில் உண்டு என்றால், அதை உங்கள் பெற்றோர் நாசரேத்துக்குக் கொண்டுவரட்டும். மதம் மாறினாலும் மகளுக்குச் சீர் வருவது நின்றுவிடாத வீடுகள் நம் சீமையில் எத்தனையோ உண்டு. மறுநாள் கரிநாள். அன்று கறிச்சோறு, ஆற்றங்கரை, உறவினர் வீடு; அதற்குத் திட்டம் எதுவும் வேண்டாம்.

சிறுவீட்டுப் பொங்கலை நீங்கள் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் களிமண்ணால் முழங்கால் உயரத்துக்குச் சுவரெழுப்பி, அறைகள் பிரித்து, கோலமிட்டு, சின்னப் பானையில் பிள்ளைகளே பொங்கலிட வேண்டும். பெரியவர்கள் தீயைப் பார்த்துக்கொள்ளலாம், பானையைத் தொடக் கூடாது. பொங்கியதும் மார்கழி முழுவதும் சேர்த்துவைத்த வறட்டிகளையும் கொஞ்சம் பொங்கலையும் இலையில் வைத்து, சூடம் ஏற்றி, ஆற்றிலோ குளத்திலோ விடுவார்கள். இதற்குரிய கதை ஆண்டாளுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஊர். வாசலில் மணல்வீடு கட்டும் ஆயர் சிறுமியர், முதுகு நோகக் கட்டிய வீட்டை வந்து காலால் கலைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் கெஞ்சுவதாக ஆண்டாள் ஒரு பதிகமே பாடியிருக்கிறாள். கட்டி முடித்த வீட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கும் பிள்ளைக்கு உரை தேவைப்படாது. மார்கழி இருபத்தேழாம் நாள் கூடாரவல்லிக்கு, முழங்கை வழியே நெய் வழியும் அந்தப் பாற்சோற்றின் நினைவாக அக்காரவடிசல் செய்வதும் அவள் பாட்டிலிருந்து வந்ததுதான். பாலும் நெய்யும் தாராளமாக இருந்தால் ஒரு மணி நேர வேலை.

திரும்பிப் போகும்போது எதைக் கொண்டுபோவது என்றும் கேட்டிருந்தீர்கள். முந்திரிக்கொத்து நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் இரண்டு வாரம் தாங்கும். அச்சு முறுக்கு பெட்டிக்குள் நொறுங்கிவிடும். அதற்குப் பதிலாக அச்சையே எடுத்துப் போங்கள், திருநெல்வேலி டவுன் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள். கருப்பட்டியைக் காகிதத்தில் சுற்றி, ஈரம் படாமல் கட்டுங்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினால் உடையாது. அவித்த பனங்கிழங்கைத் துண்டு போட்டு வெயிலில் சருகாகக் காயவைத்து இடித்த மாவு மாதக்கணக்கில் இருக்கும். ஜனவரி வெயில் போதாது என்றால் மாசியில் காயவைத்து அனுப்பச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.